எடின்பரோ போகும் வழியில் டர்ஹாமில் ஒரு மணி நேரம் நிற்கும் தமிழ்ச் சுற்றுலாக் குழுக்களுக்கு

அன்புள்ள சங்கத்தாருக்கும், பயண அட்டவணை போடும் அண்ணன்மார், அக்காமாருக்கும் வணக்கம்.

கோடை வந்தால் உங்கள் அட்டவணைகள் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி எனக்கும் வந்துவிடுகின்றன. காலையில் லெஸ்டரிலோ பர்மிங்ஹாமிலோ பேருந்து கிளம்புகிறது. யார்க்கில் மதியச் சாப்பாடு. அதற்குக் கீழே "டர்ஹாம் – 1 மணி நேரம்". ராத்திரி எடின்பரோவில் தங்கல். நடுவில் இருக்கும் அந்த ஒற்றை வரியில்தான் நான் குடியிருக்கிறேன். அதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

கேட்பது இவ்வளவுதான். டர்ஹாமுக்கு ஓர் இரவு கொடுங்கள். கொடுக்க முடியாதென்றால் நிற்காமல் நேரே போய்விடுங்கள். ஒரு மணி நேரம் என்பது உங்களுக்கும் வீண், எங்களுக்கும் வீண்.

கணக்கைப் பாருங்கள். வியர் ஆறு இந்த ஊரை மூன்று பக்கம் வளைத்து ஓடுகிறது. வளைவுக்கு நடுவே மேட்டில் பேராலயமும் கோட்டையும். வண்டி மேலே ஏற இருப்பது சந்தைச் சதுக்கம் வழியாகப் போகும் ஒரே குறுகிய தெரு. அதில் நுழையும் வண்டிக்கு 2002 அக்டோபரிலேயே கட்டணம் வைத்துவிட்டார்கள். லண்டன் நெரிசல் கட்டணமே அதற்குச் சில மாதம் பின்னால்தான் வந்தது. ஆகவே உங்கள் பெரிய பேருந்து கீழே எங்கோ நிற்கும், நீங்கள் நடப்பீர்கள். ஏற்றம், உருட்டுக்கல் பாவிய தெரு, மழை பெய்திருந்தால் வழுக்கல். ஊரிலிருந்து வந்த அம்மாக்கள் பட்டுச்சேலையும் மெல்லிய செருப்புமாக அந்தக் கல்லில் கால் வைக்கத் தடுமாறுவதைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது. போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம், கழிப்பறை வரிசைக்குப் பத்து நிமிடம். மிச்சம் இருப்பதில் என்ன பார்ப்பீர்கள்? நடைகூடத்தில் நின்று படம் எடுப்பீர்கள். கண்ணாடி போட்ட மந்திரவாதிப் பையனின் முதல் படங்களில் சில காட்சிகளை அங்கேதான் எடுத்தார்கள். பிள்ளைகளுக்கு அது போதும். அதைக் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் வாசலில் இருக்கும் சிங்கமுகக் கதவுத்தட்டி. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு படம். அது நகல். பழையது உள்ளே காட்சியகத்தில் இருக்கிறது, அங்கே போக உங்களுக்கு நேரம் இருக்காது. அந்தக் காலத்தில் குற்றம் செய்து ஓடிவந்தவன் அந்தத் தட்டியைத் தட்டினால் 37 நாள் அடைக்கலம் கிடைக்கும். உங்களுக்கோ இருபது நிமிடம் மிஞ்சினாலே பெரிது.

பேராலயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். 1093-ல் அடிக்கல் நாட்டி, 1133-க்குள் பெரும்பகுதியை முடித்துவிட்டார்கள். இந்த அளவுள்ள கட்டடத்துக்கு நாற்பது ஆண்டு மிகக் குறைவு. உள்ளே நுழைந்ததும் இரண்டு பக்கமும் பருத்த தூண்கள். ஒன்றில் வளைந்து நெளியும் கோடு, அடுத்ததில் கட்டங்கள், இன்னொன்றில் நீளப் பள்ளங்கள். எல்லாம் ஆழமாக வெட்டிய வேலைப்பாடு. அப்புறம் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். கல்லாலான கூரையின் பாரத்தை விலா எலும்புகள் தாங்குவதுபோல் வளைவுகள் குறுக்கும் நெடுக்கும் தாங்குகின்றன. நடுக்கூடத்தில் குறுக்கே போகும் வளைவுகளின் உச்சி கூராக இருக்கும். பிற்பாடு பாரிஸ் பக்கம் எழுந்த உயரமான பேராலயங்கள் பயன்படுத்திய உத்தி இது. அதை இங்கே முன்னாலேயே, கனத்த சுவர்களுக்கு நடுவே செய்து பார்த்துவிட்டார்கள். 1986-ல் யுனெஸ்கோ இதையும் கோட்டையையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கோயில் இங்கே எழுந்ததே ஒரு பிணத்தால்தான். லிண்டிஸ்பார்ன் தீவில் ஆயராக (பிஷப்பாக) இருந்த கத்பர்ட் 687-ல் இறந்தார். 875-ல் வைக்கிங்குகளுக்குப் பயந்து துறவிகள் அவர் உடலைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு தீவை விட்டுக் கிளம்பினார்கள். ஊர் ஊராக அலைந்து, செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட்டில் நூறாண்டுக்கு மேல் இருந்து, 995-ல் இந்த மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். காணாமற்போன மாட்டைத் தேடிப் போன ஒரு பெண்ணின் பின்னால் போய் இடத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதை. பேராலயத்தின் வெளிச்சுவரில் அந்த மாட்டுக்குச் சிலை கூட இருக்கிறது. எட்டாம் ஹென்றி காலத்தில் கத்பர்ட்டின் ஆபரணம் பூட்டிய சமாதியை உடைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். இப்போது உயர்பீடத்துக்குப் பின்னால் பெயர் மட்டும் வெட்டிய ஒரு வெறுங்கல். எனக்கு அது போதும்.

மேற்குப் பக்கம் தரையில் ஒரு கருங்கோடு இருக்கும். அவசரத்தில் மிதித்துக்கொண்டு போய்விடுவீர்கள். துறவிகள் காலத்தில் பெண்கள் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. கத்பர்ட்டுக்குப் பெண்களைப் பிடிக்காது என்று காரணம் சொன்னார்கள். உண்மையில் அவர் உயிரோடு இருந்தபோது பெண் துறவிகளோடு நல்ல பழக்கத்தில் இருந்தவர். அவர் உடலைக் காத்துவந்த கூட்டத்தார் மனைவி மக்களோடு வாழ்ந்தவர்கள். 1083-ல் அவர்களை வெளியேற்றி மணமாகாத துறவிகளைக் கொண்டுவந்தார்கள். பெண்களை ஒதுக்கும் கதையும் அதற்குப் பின்னால் வளர்ந்ததாகத்தான் தெரிகிறது. பெண்களுக்கென்று மேற்குக் கடைசியில் ஒரு சிற்றாலயம் கட்டினார்கள். மெல்லிய தூண்கள், வரிவரியாக வளைவுகள். கட்டடத்திலேயே மனசு லேசாகும் இடம் அதுதான் என்பது என் கட்சி. பின்னாளில் பீடின் சமாதியும் அங்கேயே வந்து சேர்ந்தது. ஆங்கிலேயரின் முதல் வரலாற்றை எழுதி 735-ல் இறந்த பெரியவர் அவர். ஒதுக்கப்பட்டவர்களுக்கு நல்ல அக்கம்பக்கம்.

ஒரு மணி நேரக்காரர்களுக்குத் தெரியாமலே போகும் இன்னொன்று. 1650-ல் டன்பார் போரில் ஆங்கிலேயப் படைத் தலைவர் கிராம்வெல் பிடித்த ஸ்காட்லாந்துக் கைதிகள் சுமார் 3,000 பேரை இந்தப் பேராலயத்துக்குள் அடைத்துவைத்தார்கள். பட்டினியிலும் வயிற்றுக்கடுப்பிலும் ஏறத்தாழ 1,700 பேர் செத்தார்கள். எங்கே புதைத்தார்கள் என்றே முந்நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. 2013-ல் பக்கத்து நூலகத்தில் ஒரு சிற்றுண்டிச்சாலை கட்டத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. குளிர் தாங்காமல் கைதிகள் உள்ளே இருந்த மரச்சாமான்களை எரித்தார்கள், பழைய பெரிய கடிகாரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள், அதில் ஸ்காட்லாந்தின் முட்பூ செதுக்கியிருந்ததால் என்று சொல்வார்கள். காரணம் எப்படியோ, கடிகாரம் இன்னும் நிற்கிறது. நீங்கள் எடின்பரோவுக்குத்தானே போகிறீர்கள்? இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

சரி, கோயிலை விட்டுக் கீழே வாருங்கள். சந்தைச் சதுக்கத்தில் குதிரைமேல் ஒரு பிரபு உட்கார்ந்திருப்பார். உங்கள் குழுப் படம் எல்லாமே அவருக்குக் கீழேதான். அவர் மூன்றாம் லண்டன்டெரி மார்க்கிஸ். இந்த மாவட்டத்தின் பெரிய நிலக்கரி முதலாளிகளில் ஒருவர். பெண்களையும் பத்து வயது நிரம்பாத பையன்களையும் சுரங்கத்துக்குள் வேலைக்கு இறக்கக் கூடாது என்று 1842-ல் சட்டம் வந்தபோது, பிரபுக்கள் சபையில் அதைக் கடுமையாக எதிர்த்தவர். படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. யாருக்குக் கீழே நிற்கிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு எடுங்கள்.

டர்ஹாம் என்றால் கோயிலும் கோட்டையும் என்று நினைத்துப் போய்விடுகிறீர்கள். இந்த ஊரை ஊராக்கியது நிலக்கரி. முதல் உலகப் போருக்கு முன்னால் இந்த மாவட்டத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சுரங்கத்தில் வேலை செய்தார்கள். சுற்றியுள்ள கிராமங்கள் பலவும் சுரங்கத்துக்காகவே முளைத்தவை. ஈசிங்டன் சுரங்கத்தில் 1951-ல் நடந்த வெடிப்பில், மீட்கப் போனவர்கள் இருவரையும் சேர்த்து 83 பேர் இறந்தார்கள். 1993-ல் அந்தச் சுரங்கத்தையும் மூடினார்கள். இன்றைக்கு இந்த மாவட்டத்தில் ஆழ்சுரங்கம் ஒன்றுகூட இல்லை. ஆனால் பேருந்தில் என் பக்கத்தில் உட்காரும் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டாவது நிமிடத்தில் அப்பா எந்தச் சுரங்கம், தாத்தா எந்தச் சுரங்கம் என்று வந்துவிடும்.

அதனால்தான் ஜூலை மாதம் இரண்டாம் சனிக்கிழமை இங்கே தேர்த்திருவிழா மாதிரி கூட்டம். சுரங்கத் தொழிலாளர் பெருவிழா. 1871-ல் வார்ட்டன் பூங்காவில் தொடங்கியது, அடுத்த ஆண்டிலிருந்து ஆற்றோரப் பந்தயத் திடலில் நடக்கிறது. காலையில் எட்டு மணிக்கெல்லாம் பித்தளை வாத்தியச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு கிராமமும் தன் பேண்டு வாத்தியத்தோடும் தன் பட்டுப் பதாகையோடும் ஊருக்குள் நடந்து வரும். பதாகை என்றால் நம் ஊர்வலத் துணி அளவு இல்லை. ஆள் உயரத்தைவிடப் பெரியது, இரண்டு கம்பத்தில் கட்டி, காற்றில் சாயாமல் இருக்க முன்னும் பின்னும் கயிறு பிடித்து வருவார்கள். ஒரு பக்கம் தலைவர் படம், ஒரு பக்கம் தொழிற்சங்கத்தின் வாசகம். அந்த ஆண்டு சுரங்கத்தில் யாராவது இறந்திருந்தால் பதாகைமேல் கருந்துணி போர்த்தி வருவது வழக்கமாக இருந்தது. ஓல்டு எல்வெட் தெருவில் ஒரு விடுதியின் மாடி முகப்பில் தொழிற்சங்கத் தலைவர்களும் விருந்தினரும் நிற்பார்கள். ஒவ்வொரு பேண்டும் அதற்குக் கீழே நின்று தனக்குப் பிடித்த ஒரு பாட்டை முழுசாக வாசித்துவிட்டுத்தான் நகரும். ஊர்வலம் கடந்து முடியப் பல மணி நேரம் ஆகும். சுரங்கமே இல்லாத கிராமங்கள் பதாகையைப் புதிதாகத் தைத்து எடுத்துவருகின்றன. புதுப் பதாகைகளைப் பிற்பகலில் பேராலயத்துக்குள் கொண்டுபோய் ஆசி வாங்குவார்கள். ஆயிரமாண்டுக் கல்லுக்கு நடுவே பித்தளை வாத்தியம் மெதுவாக அழுவதை அன்றைக்குக் கேட்கலாம். எனக்கு இங்கே உறவென்று யாரும் சுரங்கத்தில் இருந்ததில்லை. இருந்தும் வருஷா வருஷம் கண் கலங்கத்தான் செய்கிறது.

அந்த ஒரு நாள் வர வாய்க்கவில்லை என்றால், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ரெட்ஹில்ஸ் என்ற கட்டடம் இருக்கிறது. 1915-ல் தொழிலாளர்கள் தங்கள் சந்தாப் பணத்தில் கட்டியது. ஒவ்வொரு சுரங்கத்தின் பிரதிநிதிக்கும் எண் போட்ட இருக்கை உள்ள மன்றம் ஒன்று உள்ளே இருக்கிறது. சுரங்கத்தாரின் நாடாளுமன்றம் என்று சொல்வார்கள். திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பேராலயத்துக்குள்ளேயும் சுரங்கத்தில் உயிர்விட்டவர்களுக்கான நினைவிடம் உண்டு, 1947-ல் வைத்தது. கேட்டால் காட்டுவார்கள். இதையெல்லாம் கேட்க யாரும் நிற்பதில்லை என்பதுதான் என் குறை.

இனி குடியிருப்பவர்கள் பாடு. ஊரில் சுமார் ஐம்பதாயிரம் பேர். பல்கலைக்கழக மாணவர்கள் மட்டுமே இருபதாயிரத்துக்கு மேல். 1832-ல் பல்கலைக்கழகம் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே ஆயரின் கோட்டை மாணவர் விடுதியாகிவிட்டது, இன்னும் அதில் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். கோட்டையைத் தனியாகச் சுற்றிப் பார்க்க விடாததற்கு அதுதான் காரணம். வழிகாட்டியோடுதான் போகலாம். வாசலில் நிற்கிற ஊழியரிடம் "ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம்" என்று மன்றாடாதீர்கள், தயவுசெய்து.

மாணவர்களால் ஊருக்கு வாழ்வும் உண்டு, வயிற்றெரிச்சலும் உண்டு. குடும்பங்கள் இருந்த தெருக்கள் ஒவ்வொன்றாக மாணவர் வாடகை வீடுகளாக மாறிவிட்டன. மாணவர் மட்டும் இருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் வரி கிடையாது. வீட்டுக்காரருக்கு அறைக் கணக்கில் வாடகை. குடும்பத்துக்கு எவர் கொடுப்பார்? 2022 இலையுதிர் காலத்தில், அடுத்த கல்வியாண்டுக்கு வீடு பிடிக்க மாணவர்கள் வாடகை முகவர் அலுவலகங்களின் வாசலில் விடியவிடிய வரிசையில் நின்றார்கள். அந்தப் பிள்ளைகளையும் பாவம் என்றுதான் சொல்ல வேண்டும். நம் ஊரிலிருந்து முதுகலை படிக்க வந்த ஒரு தம்பிக்கு ஒரு முகவர் கடைசிவரை இழுத்தடித்துவிட்டு, அக்டோபரில் கையை விரித்தார். கொஞ்ச நாள் எங்கள் வீட்டு வரவேற்பறையில் படுத்திருந்தான். இப்போது நியூகாசிலில் தங்கி ரயிலில் வருகிறான். ரயிலில் கால் மணி நேரம்தான், வாடகையும் அங்கே கட்டுப்படியாகிறது என்கிறான். எங்களுக்கும் இட்லி அரிசியும் முருங்கைக்காயும் அங்கிருந்துதான்.

டிசம்பரில் நான்கு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடும். பகல் என்பது ஏழு மணி நேரம் சொச்சம். ஆனால் அப்போது மாணவர்களால் தெரு கலகலவென்று இருக்கும். ஜூன் கடைசியில் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டால் என் தெருவில் பாதி வீடு பூட்டிக்கிடக்கும். கடைக்காரர்கள் வெளியூர்க்காரர்களை நம்பித்தான் அந்த மூன்று மாதத்தை ஓட்டுகிறார்கள். நீங்கள் வருவதும் அப்போதுதான். ஐம்பது பேர் இறங்கி, கழிப்பறைக்குப் போய், படம் எடுத்து, பேருந்தில் இருக்கும் புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுப் போனால் ஊருக்கு என்ன மிஞ்சும்? புளியோதரையைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆற்றங்கரையில் உட்கார்ந்து தாராளமாகச் சாப்பிடுங்கள். தட்டுகளை மட்டும் குப்பைத்தொட்டியில் போடுங்கள். பிள்ளைகளைத் தண்ணீர் அருகே விடாதீர்கள். பார்க்கச் சாது, ஆனால் மாணவர்களையே பலிவாங்கிய ஆறு.

எப்படி வரலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். முடிந்தால் ரயிலில் வாருங்கள். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து சுமார் மூன்று மணி நேரம். வடக்கே வரும்போது வலப்பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள். நிலையத்துக்குச் சற்று முன்னால் 1857-ல் திறந்த உயரமான பாலத்தின் மேல் வண்டி மெதுவாகப் போகும், ஊர் முழுவதும் கீழே தெரியும். பேருந்தில்தான் வருவீர்கள் என்றால், கோடையில் மாணவர்கள் காலிசெய்த கல்லூரி அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். கோட்டைக்குள்ளேயே சில அறைகள் உண்டு. அங்கே தங்கினால் காலைச் சாப்பாடு பழைய ஆயர்களின் பெருங்கூடத்தில். குழுவாக வேண்டும் என்றால் பல மாதம் முன்னாலேயே கேட்க வேண்டும்.

பெரும்பாலான நாள்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் பேராலயத்தில் பாட்டு வழிபாடு நடக்கும். எந்த மதத்தவரும் உட்காரலாம், காசு இல்லை. நடுவில் எழுந்து போகாமல், போனை எடுக்காமல் இருந்தால் போதும். அது முடிந்தபின் பிரெபெண்ட்ஸ் பாலம்வரை ஆற்றோரமாக நடங்கள். ஜூனில் ஒன்பதரை மணிக்குக்கூட வெளிச்சம் இருக்கும். காலையில் சந்தைச் சதுக்கத்தை ஒட்டிய உள்ளங்காடிக்குப் போங்கள். 1851-லிருந்து இருக்கிறது. பொத்தானிலிருந்து பழைய புத்தகம்வரை கிடைக்கும், பேரம் மட்டும் பேசாதீர்கள். முட்டி வலி இல்லாதவர்கள் கோபுரத்தின் 325 படி ஏறலாம். பாட்டி, தாத்தாக்களை அந்த நேரத்தில் காட்சியகத்தில் உட்காரவைத்துவிடுங்கள். துறவிகள் படுத்துறங்கிய கூடத்தின் ஓக் மரக்கூரைக்குக் கீழே நல்ல இருக்கைகளும் உண்டு.

சங்கத்தில் எப்போதும் ஒரே பதில்தான் வருகிறது. "ஓர் இரவு கூடினால் தலைக்கு இவ்வளவு ஏறும், ஆட்கள் வர மாட்டார்கள்." நியாயம்தான். அப்படியானால் எடின்பரோவில் போடும் மூன்று இரவில் ஒன்றை இங்கே மாற்றிப் பாருங்கள், செலவு பெரும்பாலும் குறையவே செய்யும். அதுவும் ஒத்துவராது என்றால் அட்டவணையிலிருந்து டர்ஹாமை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை யார்க்குக்கே கொடுத்துவிடலாம். அங்கே ஊர் சமதளம், கடையும் கோயிலும் ஒன்றை ஒன்று ஒட்டி இருக்கின்றன, ஒரு மணி நேரம் கூடினால் உருப்படியாக ஏதாவது பார்க்க முடியும்.

ஜூலை இரண்டாம் சனிக்கிழமை மட்டும் பேருந்தோடு வந்து மாட்டிக்கொள்ளாதீர்கள். ஊருக்குள் சாலைகளை அடைத்துவிடுவார்கள். அன்றைக்கு ரயிலில் வருகிறவர்கள் காலை எட்டு மணிக்கு முன்னால் வந்து சேர்ந்தால் ஓல்டு எல்வெட்டில் நிற்க நல்ல இடம் கிடைக்கும். குடை எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
டர்ஹாமில் குடியிருக்கும் உங்கள் சகோதரி